சந்தனப் பொட்டு வைத்த கூலர்

"எஞ்சின் சாமானுக்குப் போயி யாரு மேடம் பொட்டு வச்சிருப்பாங்க? அதுவும் ஒண்ணுக்கு வச்சிருக்கு, இன்னொண்ணுக்கு வைக்கலை. மூத்த சம்சாரத்துக்குப் பட்டு, இளைய சம்சாரத்துக்கு நூல் சேலைங்கிற மாதிரியில்ல இருக்கு?"

குழந்தைவேல் போட்டோவை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரி. அதற்கு மேல் மாடியில் இலக்கியாவின் துப்பறியும் ஆபீஸ். குழந்தைவேல் அங்கே உதவியாளர். அதற்கு முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸிலிருந்து இறங்கி வருஷங்கள் ஆகியும் வாய் மட்டும் இன்னும் படிக்கட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளியம்மாவைவிட உதவியாளருக்கு வயது அதிகம் என்பதால் அவள் "அண்ணே" என்பாள், அவர் "மேடம்" என்பார். இரண்டு பேருக்கும் அது சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

இலக்கியா சிரிக்கவில்லை. தை மாதம் அம்மா போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே மரத்துப்போய்க் கிடந்தது. அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. டீயைக் குடித்து முடித்த பிறகுகூட அது சூடாக இருந்ததா ஆறிப்போயிருந்ததா என்று சொல்லத் தெரியாது. மூளை மட்டும் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது அப்படி ஓடுவதே அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இப்படிக் குடுங்கண்ணே."

வாங்கிப் பார்த்தாள். கடலூர்ப் பக்கத்தில் ஒரு படகுத் தளத்தில் எடுத்த போட்டோ. இரண்டு பெரிய டீசல் எஞ்சின், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூலர். இடப்பக்கத்துக் கூலரின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வலப்பக்கத்துக் கூலர் வெறும் நெற்றியோடு இருந்தது.

விஷயம் இதுதான். அந்தத் தளத்தில் ஒரு சொகுசுப் படகு கட்டினார்கள். ஒரு தடவை டீசலை நிரப்பிக்கொண்டால் கரையை மறந்துவிட்டு அந்தமான் வரைக்கும் போய்த் திரும்பலாம், அப்படிப்பட்ட படகு. அதில் எஞ்சினைக் குளிர வைக்கிற சாமான் அத்தனையும், பம்பு, ஹோஸ், கூலர் எல்லாம், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் அரியலூர் அறிவுச்செல்வன். படகோடு எஞ்சினியராகக் கடலுக்குப் போனவனும் அவன்தான். மாசி மாதம் நடுக்கடலில் இடப்பக்கத்துக் கூலர் ஓட்டையானது. எஞ்சின் சூடேறியது. ஹோஸ் வெடித்து, கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சியடித்து, எஞ்சின் ரூமில் வேலை பார்த்த ஆண்டவர் என்கிற மனிதர் செத்துப்போனார். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். வலப்பக்கத்து எஞ்சின் ஒன்றே படகைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அறிவுச்செல்வன் மேல் வழக்கு. இப்போது ஜாமீனில் அரியலூரில் அப்பா வீட்டில் இருக்கிறான். நாளைக்குக் கடலூரில் விசாரணை. 'தப்பான சாமானைப் போட்டது நான்தான்' என்று எழுதிக் கொடுக்கப் போகிறானாம். கொடுத்தால் ஜெயில்தான், அப்புறம் கடல் பக்கமே போக முடியாது. அவனுடைய அப்பா கண்ணையன் போன வாரம் இந்த மாடிப்படி ஏறி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "எம் பையன் மட்டமான சாமான் வாங்குற ஆளு இல்லம்மா. என்னமோ நடந்திருக்கு. அவன் வாயைத் தொறக்க மாட்டேங்கிறான். எவன் பண்ணுனான்னு நீ கண்டுபிடிச்சுச் சொல்லு."

"ரிப்போர்ட்டு பூரா இங்கிலீஷா இருக்கு, நான் படம் மட்டும் பாத்தேன்" என்றார் குழந்தைவேல். "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க மேடம்."

"கடல் தண்ணி உலோகத்தைத் தின்னும்ணே. அதனால கூலருக்குள்ள நாலு துத்தநாகக் குச்சியைச் சொருகி வைப்பாங்க. தண்ணி முதல்ல அதைத்தான் தின்னும். அது தீர்றதுக்குள்ள வேற குச்சி மாத்திடணும். குச்சி இருக்கிற வரைக்கும் கூலருக்கு ஒண்ணும் ஆகாது."

"அட, செக்கிங் ஏறுனதும் டிக்கெட் எடுக்காதவன் ஒருத்தனை முன்னால தள்ளி விட்டுட்டு மத்தவன்லாம் பின்படி வழியா நழுவுற மாதிரி!"

"அதேதான். வலப்பக்கத்துக் கூலரைத் திறந்து பாத்தா, குச்சி பாதிக்கு மேல கரைஞ்சிருக்கு. கூலர் அப்படியே இருக்கு. இடப்பக்கத்துல துத்தநாகமே இல்ல. நாலும் பித்தளை. ஒரு கீறல் கிடையாது. குச்சியைத் தின்ன முடியாததால தண்ணி கூலரைத் தின்னுடுச்சு."

"பித்தளையைப் போட்டது அறிவுதானா?"

"அப்படித்தான் அவன் சொல்லப் போறான். ஆனா ரெண்டு கூலரும் ஒரே கடையில ஒரே நாள்ல வாங்குனது. ஒண்ணுக்குச் சரியா போட்டவன் இன்னொண்ணுக்கு ஏன் தப்பா போடணும்? அதோட, மாத்துறதுக்குன்னு ஒரு பெட்டி நிறைய துத்தநாகக் குச்சி படகுல வச்சிருந்தான். அது எதுக்குன்னு தெரியாதவனா அதைச் சுமந்துட்டுப் போவான்?"

குழந்தைவேல் தொடையைத் தட்டினார். "அப்ப படகுத் தளத்து முதலாளி ஜெயப்பிரகாஷ்தான்! சந்தேகமே இல்ல. கூலரே வேணாம், படகுக்கு அடியில குழாயை ஓட்டி அதுலயே தண்ணியைக் குளிர வச்சுக்கலாம்னு அறிவோட மல்லுக்கு நின்ன ஆளாச்சே. இவன் முடியாது, கூலர்தான் வேணும்னுட்டான். அந்தக் கடுப்புல பண்ணிட்டான்."

"கடுப்புல யாராச்சும் குச்சியை மாத்திட்டுப் பொட்டும் வைப்பாங்களா?"

குழந்தைவேல் வாயை மூடிக்கொண்டார். அது அதிசயம்தான்.

"இந்தப் போட்டோ எடுத்தது ஆயுத பூஜை முடிஞ்ச வாரம்" என்றாள் இலக்கியா. "தளத்துல பூஜை போட்டிருந்தா ரெண்டுக்கும் பொட்டு வச்சிருப்பாங்க. இது ஒண்ணு மட்டும் அங்க வர்றதுக்கு முன்னாடி வேற எங்கயோ பூஜையில உக்காந்துட்டு வந்திருக்கு. அது எந்த இடம்னு தெரிஞ்சா போதும். கிளம்புங்க, அரியலூர் போவோம்."

"பஸ்லதானே மேடம்? எனக்குப் பின்னாடி வந்த கண்டக்டருங்க எப்படிக் கெட்டுப் போயிருக்காங்கன்னு பாக்கணும்."

வழி நெடுக சுண்ணாம்புக்கல் லாரிகள். அவை கிளப்பிய தூசியில் சாலையோரத்து வேப்பமரங்கள் வெளுத்துப்போய் நின்றன. குழந்தைவேல் கண்டக்டரிடம் சில்லறை வாங்குவது எப்படி என்று பாடம் நடத்தினார், கண்டக்டர் அவரைக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார், பஸ்ஸே சிரித்தது. இலக்கியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்னைச் சிரிக்க வைக்கத்தான் அந்த மனிதர் இத்தனை பாடுபடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். பாவம், சிரிக்கலாம்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஜெயங்கொண்டம் ரோட்டில் லாரி ஷெட்டுகளுக்கு நடுவில் இருந்தது கண்ணையன் ரேடியேட்டர் ஒர்க்ஸ். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. வெயிலுக்கும் தூசிக்கும் மறைப்பாகச் சாக்கைத் தைத்து ஒரு படுதா தொங்கவிட்டிருந்தார்கள். அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன குழந்தைவேல், "ஐயோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தார்.

"என்னண்ணே?"

"படுதாவுக்குக் கீழ என்னத்தையோ கட்டித் தொங்கவிட்டிருக்காங்க மேடம். முட்டியைப் பேத்துடுச்சு. கேஸை முடிக்கிறதுக்குள்ள என்னைய முடிச்சிடுவாங்க போல."

"லாரி போறப்ப படுதா பறக்காம இருக்கக் கனத்துக்குக் கட்டுனதுங்க" என்று சொல்லிக்கொண்டே கண்ணையன் எழுந்து வந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. கையில் பற்றவைக்கிற ஈயம். பின்னால் ஒரு லாரி ரேடியேட்டர் பிளந்து கிடந்தது. அதன் குழாய்களுக்குள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. "வாம்மா. எவன்னு தெரிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்லீங்கய்யா. ஒண்ணு கேக்கணும். போன ஆயுத பூஜைக்கு அறிவு இங்க வந்தாரா?"

"வராம? எந்த ஊர்ல இருந்தாலும் அன்னிக்கு இங்க வந்துடுவான். படகுக்கு வாங்குன கூலர்ல ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். ரெண்டையும் தூக்க முடியலையாம். 'அப்பா, உங்க கையால பொட்டு வச்சுக் குடுங்க, அப்பத்தான் எனக்கு நிம்மதி'ன்னான்." கண்ணையன் முகத்தில் ஒரு வினாடி ஏதோ மின்னிவிட்டு அணைந்தது. "ரெண்டு நாள் இங்கதான் பூஜையில இருந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"சும்மாதாங்க. நான் அறிவைப் பாத்துட்டு வந்துடுறேன்."

குழந்தைவேலைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு இலக்கியா பின்கட்டுக்குப் போனாள்.

அறிவுச்செல்வன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் சோற்றுத் தட்டு, தொடப்படாமல் காய்ந்து கிடந்தது. அவள் வந்ததையும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டதையும் அவன் பார்த்தான், ஆனால் அதனால் அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இலக்கியாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிறாளே.

போட்டோவை அவன் மடியில் வைத்தாள். "பொட்டு வச்சவருதானே குச்சியையும் மாத்துனாரு?"

அவன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, கால்ல விழுறேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

"அவருக்குத் தெரியாதா?"

"கூலர் ஓட்டையாச்சுன்னு மட்டுந்தான் தெரியும். எதனாலன்னு தெரியாது. ரிப்போர்ட்டை அவரு கண்ணுல காட்டவே இல்ல. பித்தளைங்கிற வார்த்தையே இந்த வூட்டுல யாரும் பேசலை." அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பவன் மாதிரி பேசினான். "நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணியிருக்காரு. இந்த ஊர்த் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, அது எதையும் கரைக்காது, ஒட்டத்தான் செய்யும். ஆயுசு பூரா ஒட்டுனதைச் சுரண்டியே பொழைச்சவருக்கு, கரையறதுக்குன்னே ஒரு சாமான் உண்டுன்னு எப்படித் தெரியும்? நான்ல சொல்லியிருக்கணும்?"

"சரி, அவரு மாத்துனாரு. நீங்க நடுவுல ஒரு தடவைகூடத் திறந்து பாக்கலையா? குச்சியைப் பாக்க வேண்டியது உங்க வேலைதானே?"

அறிவுச்செல்வன் போட்டோவைக் கவிழ்த்து வைத்தான். வெளியே ஒரு லாரி போனது. தட்டு அதிர்ந்தது.

"வலப்பக்கத்தைத் திறந்து பாத்தேன். இடப்பக்கத்துல குச்சி மூடி மேல சுத்திலும் ஈயம் வச்சிருந்துச்சு. அப்பா வச்ச ஈயம். அவரு வச்சது ஒழுகாதுக்கா. இந்த ரோட்டுல எந்த லாரி டிரைவரை வேணாலும் கேளுங்க. அதைப் பிரிக்க மனசு வரலை. அடுத்த தடவை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். பிரிச்சிருந்தா அன்னிக்கே பித்தளையைப் பாத்திருப்பேன், ஆண்டவரண்ணன் இருந்திருப்பாரு. அப்ப தப்பு யாரோடது? என்னோடதுதானே? நான் பொய் சொல்லலை. நாளைக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுறேன். அவரு மிச்ச காலத்தை அந்தப் பட்டறையில நிம்மதியா ஓட்டட்டும்."

இலக்கியா எழுந்தாள். ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்துப் பார்த்தாள். கோபம் வரலாம், பரிதாபம் வரலாம். ஒன்றும் வரவில்லை. 'கண்டுபிடிக்க முடியலை' என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டால் முடிந்தது கதை. யாருக்கும் வலிக்காது. அவளுக்கும் வலிக்காது, அவளுக்குத்தான் எதுவுமே வலிப்பதில்லையே.

"சரி தம்பி" என்றாள். "என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

கதவைத் திறந்துகொண்டு பட்டறைக்கு வந்தால், அங்கே குழந்தைவேல் கச்சேரியை ஆரம்பித்திருந்தார். முக்காலியில் உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, வீங்கின முட்டியைக் கண்ணையனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க மேஸ்திரி, கோலிக்குண்டு மாதிரி வீங்கிடுச்சு. நானும் எத்தனையோ கடைப் படுதாவுல முட்டியிருக்கேன். எல்லாரும் செங்கல்லு கட்டுவான், இல்லாட்டி மணல் மூட்டை கட்டுவான். இது என்னங்க சாமி கையில இருக்கிற கதாயுதம் கணக்கா? எங்க புடிச்சீங்க?"

கண்ணையன் முகத்தில் பல நாளைக்கு அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "அதுவா? அது எம் பையன் கூலர்லேருந்து எடுத்ததுங்க."

இலக்கியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பூஜைக்கு வந்துச்சில்ல, பொட்டு வச்சதுக்கப்புறம் சும்மா ஒரு தடவை பிரிச்சுப் பாத்தேன். கை சும்மா இருக்காதே. எல்லாம் அருமையான சாமான். இந்த நாலு குச்சி மட்டும் கத்தியால கீறுனா பொத்துப் பொத்துனு உள்ள எறங்குது. கடல்ல போற படகுக்கு இதையா வைப்பான், கம்பெனிக்காரன் ஏமாத்தியிருக்கான்னு வயிறு எரிஞ்சுச்சு. தூக்கிப் போட்டுட்டு, கெட்டிப் பித்தளையைக் கடைஞ்சு, அதே அளவுக்கு நாலு போட்டேன். ஒழுகக் கூடாதுன்னு மூடியைச் சுத்தி ஈயமும் வச்சேன். ராத்திரி சோத்துக்குக்கூட எந்திரிக்கலைன்னா பாத்துக்கங்க. பையன்கிட்ட சொல்லலை. படிச்ச பையன், தான் வாங்குனதுல கொறை சொல்லிட்டாரேன்னு நெனச்சுப்பான்." குனிந்து படுதாவின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். நான்கு சாம்பல் நிறக் குச்சிகள், கயிற்றில் கட்டி, வரிசையாகத் தொங்கின. "அப்புறம் இதை வீணாக்குவானேன்னு இங்க கட்டிட்டேன். பரவால்லீங்க, கனத்துக்கு நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். குழந்தைவேல் சிரிக்கவில்லை. முட்டியில் இருந்த கையை எடுத்துவிட்டு, வேட்டியை மெள்ள இறக்கிவிட்டுக்கொண்டார். காலையில் கேட்டதெல்லாம் அந்த மனிதருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருவது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கண்டக்டர் வேலையில் எந்தக் கூட்டத்திலும் மனசில் இருப்பதை முகத்தில் காட்டாமல் டிக்கெட் கிழித்தவர், இன்றைக்குப் பார்த்து மறைக்கத் தெரியாமல் போனார்.

கண்ணையன் அவரைப் பார்த்தார். அப்புறம் இலக்கியாவைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் என்ன சொல்லிட்டேன்?"

இலக்கியாவின் பார்வை படுதாவில் தொங்கிய குச்சிகளுக்குப் போனது.

கண்ணையன் திரும்பி, பிளந்து கிடந்த ரேடியேட்டரைப் பார்த்தார். குழாயில் அப்பியிருந்த சுண்ணாம்பை விரலால் தொட்டார். அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டைக்குள் ஏதோ ஒன்று இன்னொன்றோடு போய்ச் சேருவது அவள் கண் முன்னாலேயே நடந்தது. தடுக்க அவளுக்குக் கை எழவில்லை.

"கடல் தண்ணி இப்படி ஒட்டாது, அரிக்கும் இல்ல? அப்ப அது தேயறதுக்குன்னே வச்சதாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. உள்ளே இருப்பவனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் இந்த மனிதர் அவளுடைய மாடிப்படி ஏறி வந்து கேட்டது ஒன்றே ஒன்று, எவன் பண்ணினான் என்பது. இப்போது நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்கிறார்.

"ஆமாங்கய்யா" என்றாள் இலக்கியா. "அது தேஞ்சாத்தான் கூலர் தேயாது."

கண்ணையன் அழவில்லை, கத்தவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. தரையில் குந்தினார். படுதாவில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார். முதல் குச்சி கழன்றது. இரண்டாவது. லாரி ஒன்று போனது, கனம் போன படுதா எழும்பி அவர் முகத்தில் அடித்தது. அதைத் தள்ளிவிட்டுவிட்டு மூன்றாவது முடிச்சுக்குப் போனார்.

சத்தம் கேட்டு அறிவுச்செல்வன் வெளியே வந்தான். அப்பா கையில் இருந்ததைப் பார்த்தான். இலக்கியாவைப் பார்த்தான்.

"அக்கா சொல்லலை" என்றார் கண்ணையன், நிமிராமலே. "நானேதான் சொன்னேன். பெருமையா சொன்னேன்."

"அப்பா, உள்ள வாங்க. நீங்க தெரியாம பண்ணுனது. பிரிச்சுப் பாக்காதது நான். நாளைக்கு நான் பாத்துக்கிறேன்."

"தெரியாம பண்ணுனேன்னுதான்டா நானும் சொல்லப் போறேன். நீ பிரிக்காததை நீ சொல்லு, நான் மாத்துனதை நான் சொல்றேன். அவங்க என்ன வேணா பண்ணிக்கட்டும். ஆனா நீ மட்டமான சாமானைப் போட்டேன்னு உன் கையால எழுதக் கூடாது. நீ சரியானதைத்தான் வாங்குன."

"உங்களை உள்ள வச்சிட்டாங்கன்னா?"

"வைக்கட்டும்." நான்காவது குச்சியும் கழன்றது. கண்ணையன் தரையில் கையூன்றி எழுந்தார், மகன் ஓடிவந்து தோளைப் பிடித்தான். அவர் பிடித்த கையை விலக்கவில்லை. "அந்த ஆண்டவர் வூடு எங்கடா இருக்கு?"

"கடலூர் போற வழியிலதாம்பா. எதுக்கு?"

"விசாரணைக்கு முன்னாடி அங்க போவணும். அந்தப் புள்ளைங்க உன்னாலதான்னு நெனச்சுட்டு இருக்குதுங்க. நான்தான்னு நேர்ல போயி நிக்கணும். அடிச்சா வாங்கிக்கணும்."

அறிவுச்செல்வன் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். மாசியிலிருந்து அழாதவன். குழந்தைவேல் எழுந்து, மூலையில் கிடந்த செங்கற்களை நொண்டி நொண்டி எடுத்து வந்து, பறந்துகொண்டிருந்த படுதாவின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒரு நக்கல் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. வைத்து முடித்துவிட்டுக் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

"காலையில முதல் வண்டிக்குப் போயிடலாம் மேஸ்திரி. டிரைவர் நமக்குத் தெரிஞ்சவன்தான். உங்களுக்கும் தம்பிக்கும் முன்னாடி சீட்டு போட்டு வைக்கிறேன்."

கண்ணையன் தலையாட்டினார். நான்கு குச்சிகளையும் துண்டில் சுற்றப் போனவர், ஒன்றை எடுத்து இலக்கியாவிடம் நீட்டினார். "இத வச்சுக்கம்மா. என்னைய நம்ப மாட்டேன்னு சொன்னாங்கன்னா நீ வந்து காட்டு."

வாங்கினாள். நாளெல்லாம் வெயிலில் தொங்கிய குச்சி உள்ளங்கையைச் சுட்டது. சுளீரென்று சுட்டது. கீழே போட்டிருக்கலாம், போடவில்லை. தை மாதத்துக்கு அப்புறம் அவளுக்குச் சூடு என்று ஒன்று உறைத்தது அப்போதுதான். கண் கரித்தது. இது தூசி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூணு சீட்டாப் போடுங்கண்ணே" என்றாள். "நானும் வரேன்."

குழந்தைவேல் அவள் முகத்தைப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"நாலாப் போடுறேன் மேடம்" என்றார்.